கீழ் வரிசை முகங்கள்

“கையைக் கொஞ்சம் எறக்குங்க. வாய மறைக்குது.”

அபுதாபியில் எங்கள் ஃப்ளாட்டின் பால்கனி. குளிர்காலம் முடியப்போகும் ஒரு விடுமுறை நாள் மதியம். என் கணவர் வின்சென்ட் வெள்ளைச் சட்டை போட்டு, அன்று காலையில் தலைக்கு அடித்த டையின் வாசனையோடு, கைகூப்பி நின்றார். நான் அவருடைய போனைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் படத்தில் கை மேலே ஏறி வாயை மறைத்தது. அடுத்ததில் ரொம்பக் கீழே இறங்கிவிட்டது, எதையோ பறிகொடுத்தவர்போல் தெரிந்தார். “சிரிக்கணுமா, வேண்டாமா?” என்று கேட்டார். “பாதி சிரிங்க” என்றேன். பேங்கில் கடன் கேட்டு வருகிறவர்களைப் பார்த்து ஆயுசெல்லாம் பாதி சிரித்தவர் அவர். சட்டென்று வந்துவிட்டது.

நல்ல படம். தோளுக்கு மேலே என் கறிவேப்பிலைச் செடியின் கொத்து ஒன்று எட்டிப் பார்த்தது. அதை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், இயற்கையாக இருக்கிறது என்றார்.

“இது என்னத்துக்காக்கும்?”

“முருகேசன் கேட்டான். பயலுவ ஏதோ வாழ்த்து போடுதானுவளாம்.”

சொல்லிக்கொண்டே அனுப்பிவிட்டார். அனுப்பியபின் போனைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். அது முழுச் சிரிப்பு.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அவர் இன்று ராஜ்யசபா எம்.பி. என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: அவர் பேங்கில் இருந்தவர், நான் நர்ஸ், இருவருக்கும் ஊர் குமரிக் கடற்கரை, வாழ்ந்ததெல்லாம் வளைகுடாவில். இந்த வாரம் எதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். “எழுதிக்கோ. போட்டோ மட்டும் போட வேண்டாம்” என்றார்.

போடவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்த வாரம் முழுக்க.

முசஃபா கிளை

நான் முதலில் வேலைக்கு வந்தது ருவைஸில். சுத்திகரிப்பு ஆலையும் பாலைவனமும் கடலும்தான் அங்கே. கல்யாணத்துக்குப் பிறகு அபுதாபிக்கு மாற்றல் வாங்கி வந்தபோது, அவர் முசஃபா கிளையில் கவுண்டரில் இருந்தார்.

முசஃபா என்றால் பட்டறை, காராஜ், தொழிலாளர் கேம்ப். நாள் முழுக்க இரும்பைத் தட்டுகிற சத்தம். சம்பள நாளில் கிரீஸ் படிந்த கவரால் உடுப்போடு ஆட்கள் பேங்குக்குள் வருவார்கள். மற்ற கவுண்டர்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். இவர் மட்டும், “வேல முடிஞ்சாலும் ஏசில கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போங்கடே” என்பாராம். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழ் வந்தால் போதாதா? கேம்ப் முழுக்க அவர் பெயர் ‘நம்ம சார்’ ஆகிவிட்டது.

முருகேசன் அந்த நாளில் வந்தவன். பெரம்பலூர் பக்கம். வெல்டர். லீவில் ஊருக்குக் கிளம்புகிற அன்று அவனுடைய கார்டை மெஷின் விழுங்கிவிட்டது. மெஷின் முன்னால் நின்று குழந்தைபோல் அழுதிருக்கிறான். இவர் உள்ளே போய் யாரையோ பிடித்து, கார்டை மீட்டுக் கையில் கொடுத்து, டாக்ஸி பிடித்து அனுப்பியிருக்கிறார். பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த ஊரில் அதைக்கூடச் செய்ய ஆள் கிடையாது.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒருநாள் எங்கள் ஃப்ளாட் வாசலில் நின்றான். தோளில் ஒரு இரும்பு ஸ்டாண்டு. பட்டறையில் மிஞ்சிய துண்டுகளை வெல்டு வைத்து, பச்சைப் பெயின்ட் அடித்திருந்தான். என் கறிவேப்பிலை, பால்கனித் தரையின் சூட்டில் கருகுகிறது என்று இவர் எப்போதோ கவுண்டரில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன் அவனை லிஃப்டில் ஏறவிடாததால் மாடிப்படி வழியே தூக்கி வந்திருந்தான். சாப்பிடச் சொன்னேன்.

“வேணாங்க மேடம். தண்ணி மட்டும் குடுங்க. ஸ்டாண்டு ஆடுதான்னு பாத்துட்டுப் போயிடறேன்.”

அது ஆடவில்லை. இன்று வரை ஆடவில்லை.

யாரும் எழுப்பாத நாற்காலி

இவர் மேலே போனார். கவுண்டரிலிருந்து கேபினுக்கு, கேபினிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு. பிறகு விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள்.

ஊரிலிருந்து கட்சிக்காரர்கள் வருவார்கள். வைத்தியம் என்பார்கள், கண்காட்சி என்பார்கள், கடைசியில் வாசனைத் திரவியக் கடையில்தான் நிற்பார்கள். இவர் ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்து வருவார். நான் டியூட்டி முடிந்து வந்து நெய்மீன் குழம்பு வைப்பேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “அண்ணி, உங்க கைக்குத் தங்க வளையல்தான் போடணும்” என்பார்கள். ஒருவரும் போடவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் கட்சி நிதி. ஊரில் இருந்த எங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தார். தேர்தலுக்குத் தேர்தல் கொடுத்தார். எனக்கு ஆத்திரமாக வரும். ஒருநாள் நேராகவே கேட்டேன், எதற்காக இப்படி அள்ளி விடுகிறீர்கள் என்று.

“மினா, இங்க நான் எவ்வளவு ஏறினாலும் விசாவுல இருக்கவன்தான். வேல போனா மூட்டையக் கட்டணும். இத்தன வருசம் இருந்தும் ஒரு ஓட்டு உண்டா எனக்கு? ஒரே ஒரு நாற்காலி வேணும். என்னைய யாரும் எழுப்ப முடியாத நாற்காலி.”

அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. வளைகுடாவில் வயசாகிற எல்லோருக்கும் இருக்கிறது.

ஒருநாள் தலைவர் வீட்டிலிருந்து போன் வந்தது. மேல்சபைக்கு உங்கள் பெயர்தான், நேரில் வந்து மனு போடுங்கள், வெளியே மூச்சு விடாதீர்கள். இவர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டார். மூச்சு விடாதீர்கள் என்று சொன்ன செய்தி அடுத்த நாளே முசஃபாவில் எல்லா ரூமுக்கும் தெரிந்திருந்தது. இவரே சொல்லாமல் எப்படித் தெரியும்?

லேண்ட்லைன் நம்பர்

படம் எடுத்ததற்கு அடுத்த வாரம். எனக்கு அன்று ஆஃப். நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. மறுநாள் சாயங்காலம் அவருக்குச் சென்னை ஃப்ளைட். அதற்கடுத்த நாள் மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள்.

போன் அடித்தது. பெயர் இல்லாத லேண்ட்லைன் நம்பர். இவர் ஸ்பீக்கரில் போட்டார். மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு குரல், காவல் நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னது. நாளைக் காலை வரவேண்டும், ஐடியும் பாஸ்போர்ட்டும் எடுத்து வரவேண்டும். என்ன விஷயம் என்று இவர் கேட்டார். வாருங்கள், பேசலாம் என்று குரல் முடித்துவிட்டது.

அந்த நாட்டில் இருந்தவர்களுக்குத்தான் இது புரியும். இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. ஆனாலும் அந்த ஒரு போனில் அடுப்பையே மறந்துவிட்டேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால்? ஏர்போர்ட்டில் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிவிட்டு, ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லிவிட்டால்?

இவர் ஹாலில் நடக்க ஆரம்பித்தார். பேங்கில் எவனாவது பழைய கஸ்டமர் புகார் கொடுத்துவிட்டானா? பார்க்கிங் அபராதம் பாக்கியா? திடீரென்று என்னிடம் திரும்பினார்.

“நீ ஆஸ்பத்திரில யாருகிட்டயாவது வாயக் குடுத்தியா?”

“வாயக் குடுக்கதுக்கு எனக்கு எங்க நேரம்? உங்க கட்சிக்காரங்களுக்கு மீன் வெட்டவே சரியாப் போச்சு.”

அடுப்பில் நெத்திலி கருகிவிட்டது. அந்த வாடை வீடு முழுக்க நின்றது. ஜன்னலைத் திறக்கக்கூட இருவருக்கும் தோன்றவில்லை.

வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் ஜோஸ் என்கிற மலையாளியைக் கூப்பிட்டோம். அரபி நன்றாகப் பேசுவார். எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர், என்னைச் சேச்சி என்பார். வந்து உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனை நீட்டினார்.

“சார், இது கண்டோ?”

இவண்

போனில் ஒரு ஃப்ளெக்ஸ்.

முசஃபாவில் கேம்ப் வாசல் கம்பி வேலியில், டியூட்டி பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே கட்டியிருந்தார்கள். ஊரில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் வைப்போமே, அதே அளவு, அதே அலங்காரம். இடப்பக்கம் தலைவர். வலப்பக்கம் கைகூப்பிய என் கணவர், தோளுக்கு மேலே என் கறிவேப்பிலையோடு. சுற்றிலும் கட்சிக் கொடியின் நிறம். ‘பாலைவனத்தில் பூத்த எங்கள் அபுதாபிச் சிங்கமே’ என்று நடுவில் எழுத்து. சிங்கம் எப்படிப் பூக்கும் என்று ஒருவனும் யோசிக்கவில்லை.

கீழே ஒரு வரிசை முகங்கள். கூலிங்கிளாஸ் போட்ட முகம், தாடையைத் தடவுகிற முகம், போன் பேசுவதுபோல் ஒரு முகம். ஒவ்வொன்றுக்கும் அடியில் பெயர், ஊர், எந்த கேம்ப், எந்த ரூம். முதல் முகம் முருகேசன். மூலையில் ‘இவண்’.

நம்மூரில் ஃப்ளெக்ஸ் வைப்பதே அந்தக் கீழ் வரிசைக்காகத்தானே. பெரிய மனிதர் முகம் பெரிதாக இருக்கட்டும், அவர் காலடியில் நம் முகமும் ஒரு ஓரமாக இருந்தால் போதும். நம் ஆள் ஒருவன் ஃப்ளெக்ஸ் வைத்துத் தன் முகத்தைப் போடாமல் விட்டான் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் அந்த நாட்டில் கட்சிக் கொடி, கூட்டம், கோஷம் எதுவும் கூடாது. அது முதல் நாள் கேம்புக்கு வருகிறவனுக்கே தெரியும். முருகேசனுக்கும் தெரியும். இது கட்சி வேலை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். நம்ம சாருக்கு ஒரு வாழ்த்து. ஃப்ளெக்ஸுக்கு முன்னால் கேக் வெட்டி, வாழ்க வாழ்க என்று கத்தி, அதை ஒருவன் லைவாக வேறு போட்டிருக்கிறான்.

போலீஸுக்குத் தேடுகிற வேலையே வைக்கவில்லை. முகமும் பெயரும் ரூம் நம்பரும் அச்சடித்து வாசலில் தொங்கின. அன்று காலை டியூட்டி பஸ் ஏற நின்ற இடத்திலேயே, கீழ் வரிசையில் இருந்த அத்தனை பேரையும் அழைத்துப் போய்விட்டார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

“சேச்சி பேடிக்கண்டா” என்றார் ஜோஸ். பயப்படாதே என்கிறார். “சார் ஒரே ஒரு விஷயம் சொன்னா மதி. இவங்கள எனக்குத் தெரியாது. ஃபோட்டோ இன்டர்நெட்ல எடுத்திருக்காங்க. கலாஸ், முடிஞ்சுது.”

“போட்டோ நாமதான அனுப்பினோம்?” என்றேன்.

ஜோஸ் இவரைப் பார்த்தார். இவர் கருகிய நெத்திலித் தட்டைப் பார்த்தார்.

“நான் அனுப்பினேன்னு சொன்னா?” என்று நான்தான் கேட்டேன்.

“சார்தான் இத நடத்தினதுன்னு ஆகும். கேஸ் முடியற வரைக்கும் பாஸ்போர்ட் அவங்க கையில. ஃப்ளைட் இல்ல. மனு இல்ல. பேங்க்ல வேலையும் சம்சயம்.”

“அந்தப் பயலுவளுக்கு?”

ஜோஸ் கொஞ்சம் தயங்கினார். “சார் மாதிரி ஒரு ஆள் பொறுப்பேத்து, எழுதிக் குடுத்தா, வார்னிங்கோட விடலாம். விடாமலும் இருக்கலாம். உறப்பாச் சொல்ல முடியாது சேச்சி. சார் சொல்லலேன்னா அவங்க ஊருக்குப் போக வேண்டியதுதான். திரும்ப வர முடியாது.”

இவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கம் இவருடைய நாற்காலி. இன்னொரு பக்கம் அந்த வரிசை முழுக்க இருந்தவர்களின் பிழைப்பு. அன்று சாயங்காலம் படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று, “ஐ டோன்ட் நோ தெம்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வேகமாகச் சொன்னார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

பால்கனியில் கைகூப்பிப் பழகியதுபோலவே அதையும் பழகினார்.

வண்டிக்குள்

காலையில் நான்தான் காரை ஓட்டினேன். சூட்கேஸை டிக்கியிலேயே வைத்துக்கொண்டோம். விட்டால் அங்கிருந்தே ஏர்போர்ட்.

இறங்குவதற்கு முன் அவர் கையைப் பிடித்தேன். “இஞ்ச பாருங்க. அவன் நமக்கு ஸ்டாண்டு செஞ்சு குடுத்தவன்.”

“எனக்குத் தெரியாதா மினா?” என்றார்.

அவரும் ஜோஸும் உள்ளே போனார்கள். நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஏசி ஓடியது, ஆனால் முதுகெல்லாம் ஈரம். இவர் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்லாமல் வந்துவிடுவாரோ என்றும் பயமாக இருந்தது. எதற்காக ஜெபிப்பது என்று தெரியாமல் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு கதவையே பார்த்திருந்தேன்.

சீக்கிரமே வந்துவிட்டார்கள். இவர் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். பின்னாலிருந்து ஜோஸ்தான் பேசினார். குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

“ஒரு பிரச்சினையும் இல்ல சேச்சி! ஆ முருகேசன் உண்டல்லோ, ஒண்ணாந்தரம் ஆள். சார் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டான். இந்த சாரை எங்களுக்குத் தெரியாது, சாருக்கும் எங்களைத் தெரியாது, போட்டோ நெட்ல எடுத்ததுன்னு. ஆபீசர் சார்கிட்ட கேட்டாரு, இவனைத் தெரியுமான்னு. சார் நோன்னு சொன்னார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. தீர்ந்நு.”

நான் வண்டியை எடுக்கவில்லை.

“அவன் உங்களப் பாத்தானா?” என்று இவரைக் கேட்டேன்.

“பாத்தான்.”

“நீங்க?”

அவர் வாட்சைப் பார்த்தார்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. உள்ள போயிச் சொல்லுங்க. நானும் வாறேன்.”

“ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு மினா” என்றார். ஃப்ளைட் சாயங்காலம். அப்போது காலை வெயில்கூட முழுசாக ஏறவில்லை.

கடந்துட்டேன்

ஏர்போர்ட்டில் அவரை விட்டுவிட்டு, பார்க்கிங்கில் காத்திருந்தேன். பாஸ்போர்ட் கவுண்டரைத் தாண்டுகிறவரை எதுவும் நிச்சயமில்லை. போலீஸ் விட்டாலும் கம்ப்யூட்டர் விடவேண்டும். எத்தனை பேரை அந்தக் கடைசிக் கவுண்டரில் திருப்பி அனுப்பிய கதை கேட்டிருக்கிறோம்.

போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எங்கள் மகள் ஜெனி வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தாள். “ம்மா, டாட் கிளியர் பண்ணிட்டாரா?” என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவரிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: கடந்துட்டேன்.

அந்தச் சொல்லுக்காகத்தான் நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்ததும் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். சந்தோஷமா, அவமானமா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் ஒரே கண்ணிலிருந்துதான் வந்தன.

ஆஸ்பத்திரி அரபி

இனி எழுதப்போவது என் கணவருக்கு இன்று வரை தெரியாது. எல்லோரையும்போல அவரும் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மறுநாள் டியூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு நான் தனியாக அந்தக் காவல் நிலையத்துக்குப் போனேன். ஜோஸிடம்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த அரபி ஆஸ்பத்திரி அரபி. எங்கே வலிக்கிறது, மூச்சை இழுங்கள், பயப்படாதீர்கள், திரும்பிப் படுங்கள். அதை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அந்தப் படத்தை எடுத்தது நான். அனுப்பியது என் கணவர். இந்த முருகேசனை எங்களுக்கு ரொம்ப வருஷமாகத் தெரியும். என் வீட்டுப் பால்கனிக்கு வந்து பாருங்கள், அந்தச் செடி அங்கேயே நிற்கிறது.

ஆபீசர் இளைஞர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். “கலாஸ், சிஸ்டர். நேற்றே பேப்பர் போய்விட்டது. அவர்கள் ஊருக்குப் போகிறார்கள்.” நான் எழுந்தபோது ஒரு கேள்வி கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“உங்கள் கணவர் ஏன் இதைச் சொல்லவில்லை?”

அதற்கு என்னிடம் அரபியும் இல்லை, தமிழும் இல்லை.

அங்கிருந்து முசஃபா கேம்புக்குப் போனேன். முருகேசனின் சாமானை யாராவது கட்டி எடுத்து வந்து கொடுத்தால், அவனிடம் சேர்ப்பிப்பதாகக் காவல் நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அவன் ரூம் வாசலில் நின்றபோது உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் என் கணவர் மனுத்தாக்கல் செய்துவிட்டு வெளியே வந்து, மைக்குகளுக்கு நடுவில் கைகூப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு பையன் எழுந்து அவசரமாக டிவியை அணைத்தான். யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பையில் அவனுடைய துணி, செருப்பு, பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த ஒரு ரிமோட் கார். அதைத் துணிக்கு நடுவில் உடையாமல் வைத்தேன்.

திருச்சி ரோடு

இவர் போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டார். டெல்லியில் தமிழில் பதவி ஏற்றார். நான் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி அழகாகத்தான் இருந்தது. யாரும் அவரை எழுப்பவில்லை.

பேங்க் வேலையை விட்டார். நானும் ரிடையர் ஆகி, வீட்டைக் காலி செய்து ஊருக்கு வந்தோம். அந்த ஸ்டாண்டை எதற்கு இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வருகிறாய் என்று கேட்டார். நான் கார்கோவில் போட்டுக் கொண்டுவந்தேன்.

ஒருநாள் திருச்சியில் ஒரு விழா முடிந்து, காரில் சென்னைக்குக் கிளம்பினோம். முன்னால் கட்சிக்காரர்கள் வண்டி. வழியெல்லாம் ஃப்ளெக்ஸ். இவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரம்பலூர் நெருங்கும்போது பைபாஸ் ஓரத்தில் இன்னொன்று தெரிந்தது.

அதே படம். கைகூப்பிய அதே முகம், அதே பாதிச் சிரிப்பு. தோளுக்கு மேலே கறிவேப்பிலைக் கொத்து. கீழ் வரிசையில் இந்த முறை ஒரே ஒரு முகம்தான். இவண்: அபுதாபி முருகேசன். அந்த ஊரை விட்டுத் துரத்தியபிறகும் பெயருக்கு முன்னால் அதைத்தான் போட்டிருந்தான்.

ஃப்ளெக்ஸுக்குக் கீழே, மடித்த சால்வையோடு அவனே நின்றான்.

“வண்டிய நிறுத்துங்க தம்பி” என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் இவரைப் பார்த்தார். இவர் ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் என் பேச்சைக் கேட்டு ஓரம்கட்டினார். நான் இறங்கி வேகமாக நடந்தேன். அவன் இளைத்திருந்தான். முகம் அப்படியே மலர்ந்தது.

“மேடம்! நல்லா இருக்கீங்களா மேடம்? கறிவேப்பிலை இருக்குங்களா? ஸ்டாண்டு துரு புடிச்சிருக்குமே.”

“இருக்கு முருகேசா. இங்க கொண்டு வந்துட்டேன்.” அவன் கையிலிருந்த சால்வையைப் பார்த்தேன். “இப்ப என்ன பண்ணுற?”

“பட்டறை ஒண்ணுல நிக்கறேன் மேடம். சம்பளம் அங்க மாதிரி வராதுங்க. அத விடுங்க.” ஃப்ளெக்ஸைக் காட்டினான். “இதுக்கு முறையா பர்மிஷன் வாங்கித்தான் வச்சிருக்கேன் மேடம். இங்க யாரும் சாரைக் கூப்பிட்டுக் கேக்க மாட்டாங்க. நீங்க பயப்படாதீங்க.”

நான் பயப்படக்கூடாதாம். எனக்கு அவன் காலில் விழவேண்டும்போல் இருந்தது. விழவில்லை. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“சார் எறங்கலைங்களா?”

திரும்பிப் பார்த்தேன். கார்க் கண்ணாடி மெதுவாக இறங்கியது. இவர் எங்களைப் பார்த்தார். உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு இரண்டு கையும் மேலே எழுந்து கூப்பி நின்றன. பால்கனியில் நான் சொல்லிக்கொடுத்த அதே உயரம். கை வாயை மறைக்கவே இல்லை. நன்றாகத் தெரிந்த அந்த வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.

முருகேசன் சால்வையை இடுக்கிக்கொண்டு, அவனும் அவசரமாகக் கைகூப்பினான். கண்ணெல்லாம் சந்தோஷம்.

“பாத்தீங்களா மேடம்?” என்றான். “சார் அப்படியே போட்டோல இருக்கற மாதிரியே இருக்காங்க.”